ஏழு நாள் இருக்க வேண்டியது

“கத்தாதக்கா, அந்தப் பக்கம் ஆளுங்க—”

“நான் கத்தலடி. நான் கத்தினா எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். என்னைக்கு வெளிய வந்துச்சு, அதை மட்டும்—”

“சொல்றேன், சொல்றேன், நீ விட்டாத்தானே—”

“நேத்தா? முந்தாநாளா?”

“முந்தாநாள் காலைல.”

“முந்தாநாளா! ரெண்டு நாளா உள்ள ஒண்ணுமே இல்லாம, நேத்து போன்ல என்கிட்ட ‘அடிவயித்துல லேசா கனமா இருக்குக்கா’ன்னு சொன்னியேடி! என்னடி கனமா இருந்துச்சு? நீ சொன்ன பொய்யா?”

இளையவள் கையிலிருந்த ஊசியை மெழுகுக் கட்டியில் குத்தி வைத்தாள். எதிரே பாதி தைத்த ஆய்வேடு ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

அது ஒரு பைண்டிங் கூடத்தின் தையல் அறை. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இன்றைக்கு மற்ற மூன்று பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுக்கும் வாரம் என்பதால் சுவர் ஓரமெல்லாம் இடுப்பு உயரத்துக்குத் தாள் அடுக்கு. மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் தாள் வெட்டும் மெஷின் ‘தடக்’ என்று விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிற வரை பயமில்லை. அது நின்றால் மெஷின்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். காலை டியூட்டி முடித்து நேரே இங்கே வந்திருந்தாள். வந்தது நல்ல செய்தி சொல்லத்தான். ‘நாளைக்கு ஏழாவது நாள், எட்டு மணிக்கு வந்துடு, கர்ப்பப்பையில வெச்ச பலூனை எடுத்துடலாம், ரெண்டு நிமிஷ வேலை’ என்று உட்காரக்கூட இல்லாமல் சொன்னாள். இளையவள் தலை நிமிராமல், ‘எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா’ என்றாள். அதோடு பிடித்துக்கொண்டது.

“தானா நழுவி வந்துச்சா? தானா வராதே. தண்ணி ரொப்பி டாக்டர் வெக்கும்போது பக்கத்துல நின்னு ஊசியை எடுத்துக் கொடுத்தவ நான். அது கல்லு மாதிரி நின்னுச்சு.”

“தானாத்தான் வந்துச்சு.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

இளையவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்த முகத்துக்கு முன்னால் அவள் எந்தப் பொய்யையும் அரை நிமிஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்ததில்லை.

“வாலை வெட்டினேன்.”

“எந்த வாலை?”

“அதான். கீழ தொங்குற குழாய். உறுத்துச்சுக்கா. ஒன்பது மணி நேரம் இந்த முக்காலில உக்காந்து பாரு, தெரியும். குழாய் நுனில ஒரு மூடி மாதிரி இருந்துச்சே, அது குத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் நறுக்கிட்டேன்.”

மெஷின் இரண்டு முறை விழுந்து எழுந்தது.

“அது மூடி இல்லடி. அதுதான் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கற வால்வு.”

“எனக்கு இப்பத் தெரியுது.”

“அதை வெட்டினா தண்ணி போகாதா? பலூன் சுருங்காதா? இது கூடவா—”

“முடிச்சுப் போட்டுட்டுத்தான்க்கா வெட்டினேன்! வெறுமனே வெட்ட நான் என்ன பைத்தியமா? மெழுகு நூலால ரெண்டு சுத்து சுத்தி, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, அதுக்குக் கீழதான் நறுக்கினேன். பதினாலு வருஷமா முடிச்சுப் போடறேன். என் முடிச்சு ஒண்ணு அவிழ்ந்துச்சுன்னு எவனாவது புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பானா?”

“அது புத்தகம் இல்லடி! ரப்பர்! வழவழன்னு இருக்கும்!”

“அதான் நைட்டு முழுக்க நின்னுச்சு, காலைல வழுக்கிருச்சு.”

இதற்கு அழுவதா சிரிப்பதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தொங்குகிற நூல் எதையும் இளையவள் விட்டு வைக்க மாட்டாள். அது அவள் தொழில். தைத்து முடித்த புத்தகத்தில் நூல் வால் நீண்டு கிடந்தால் அவளுக்குக் கை அரிக்கும். கணவன் சட்டையில், பேருந்தில் முன்னால் நிற்கிறவள் துப்பட்டாவில், எங்கே நூல் பிசிறு தெரிந்தாலும் பையில் இருக்கும் குட்டிக் கத்தரி தானாகக் கைக்கு வந்துவிடும். ‘ஊசியம்மா’ என்று கூடத்தில் அவளுக்குப் பேரே வைத்திருந்தார்கள். அந்தக் கைதான் மூன்றாம் நாள் மாலை குளியலறையில் அந்தக் குழாயையும் நறுக்கியது. நறுக்கியபோது, ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி கூட இருந்தது.

“ஏன்டி அன்னைக்கே சொல்லல?”

“பயமா இருந்துச்சு.”

“யாருக்கு? எனக்கா?”

“உனக்கு எவ பயப்படறா? அவருக்கு.” இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “இதுதான் கடைசின்னு சொல்லித்தான்க்கா இந்த ஆபரேஷனுக்கே தலையாட்டினாரு. நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். இப்பப் போய், நானே வெட்டிட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? அதுவும் ரெண்டு நாளா மனுஷன் சிரிச்ச முகமா இருக்காரு. டீ போட்டுத் தராரு. பாத்திரம் கழுவறாரு. பாட்டெல்லாம் பாடறாரு, கேக்க முடியல, ஆனா பாடறாரு. ஏழு நாள் முடியப் போகுதுன்னு அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்துல எப்படிக்கா இதைப் போய்—”

“அவர் பாடினா உள்ள ஒட்டாம இருக்குமா?”

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பத்து வாரக் கரு ஒன்று தங்காமல் போயிற்று. வேறோர் ஆஸ்பத்திரியில் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியது கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு மாதாமாதம் நாள் தவறாமல் வலி மட்டும் வந்தது, உதிரம் வரவில்லை. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் தழும்பு விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் போயிற்று. போன வருடம் அதை வெட்டிப் பிரித்தார்கள். இரண்டு மாதம் உதிரம் வந்தது. வீட்டில் யாருக்கோ வேலை கிடைத்த மாதிரி அதைக் கொண்டாடினாள். மூன்றாம் மாதம் நின்றது. பிரித்த இடமெல்லாம் மறுபடி ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இந்த டாக்டரம்மாவிடம் வந்தார்கள். ‘பிரிக்கிறது பெரிய விஷயமில்ல. பிரிச்சது பிரிஞ்சே இருக்கணும், அதுதான் விஷயம்’ என்றார் அவர். இரண்டு பக்கமும் பச்சைப் புண். நடுவில் எதுவும் இல்லாவிட்டால் ஒட்டத்தான் செய்யும். அதனால் பிரித்த கையோடு உள்ளே ஒரு சின்ன பலூன், உப்புத் தண்ணீர் ரொப்பியது, ஏழு நாள். உள்தோல் வளர இரண்டு வேளை ஹார்மோன் மாத்திரை, அதற்குப் பிறகும் பல வாரம். ‘அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவுல மெழுகுத்தாள் செருகுவோமே, பசை காயற வரைக்கும், அந்த மாதிரிங்களா?’ என்று இளையவள் கேட்டபோது, டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘இதை இவ்வளவு சுலபமா நானே யாருக்கும் சொன்னதில்ல’ என்றார்.

அவ்வளவு புரிந்தவள்தான் இதைச் செய்தாள்.

“எழுந்திரு” என்றாள் அக்கா.

“எங்க?”

“எங்கயா? சினிமாவுக்கு. எழுந்திருடி. டாக்டரம்மா மூணு மணி வரைக்கும் இருப்பாங்க.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. “ஊசியம்மா, இன்னும் நாலு உருப்படி பாக்கி இருக்கே” என்று குரல் வந்தது.

“புத்தகம் காத்திருக்கும், அண்ணே” என்று அக்காவே பதில் சொன்னாள். “இது காத்திருக்காது.”

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் இளையவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வெள்ளைச் சுவர், ஒரு மேசை, கருப்பையின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று திறந்தபடி. அந்தப் பொம்மையைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எதால வெட்டினீங்க?”

“நூல் வெட்டற கத்தரிங்க.”

“சுத்தம் பண்ணீங்களா?”

“ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். நூலையும் துடைச்சேன்.”

“அது வரைக்கும் புத்தி வேலை செஞ்சிருக்கு பாருங்க டாக்டர்” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சிஸ்டர்.” டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வால் உறுத்தும், உறுத்தினா உடனே வாங்க, நானே உள்ள மடிச்சு விடறேன்னு நான் சொல்லியிருக்கணும். எடுக்காதீங்க, இழுக்காதீங்கன்னு சொன்னேன். வெட்டாதீங்கன்னு சொல்லத் தோணல. யாரும் வெட்டினதில்ல. காய்ச்சல் இருக்கா? நாத்தமா ஏதாவது போகுதா?”

“இல்லங்க.”

“மாத்திரை?”

“ஒரு வேளை கூட விடல.”

“நல்லது.”

“இப்ப ஒட்டியிருக்குமாங்க?”

“தெரியாது. நாலு நாள் இருந்திருக்கு, அது நமக்கு லாபம். ரெண்டு நாள் இல்லாம இருந்திருக்கு. ஒட்டியிருந்தாலும் இப்ப சிலந்தி வலை மாதிரிதான் இருக்கும். கேமராக் குழாய் நுனியாலயே விலக்கிடலாம். அப்படியே விட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சுப் பாத்தா, மறுபடி கத்தரி எடுக்கணும். எத்தனை தடவை கத்தரி படுதோ அத்தனைக்கு நல்ல தோல் குறையும்.”

“அப்ப இன்னொரு பலூன் வெச்சிடுங்க. இப்பவே. இந்தத் தடவை நான் தொடக்கூட மாட்டேன்.”

“கண்ணை மூடிக்கிட்டு வெக்க முடியாதும்மா. கிருமி ஏறிடும். நாளைக்குக் காலைல உங்களுக்கு வெச்ச நேரம் இருக்கே, அதுலயே உள்ள பாத்துடறேன். மயக்கம் லேசாக் கொடுப்போம், ஒண்ணும் சாப்பிடாம வாங்க. வலை இருந்தா விலக்கிட்டு, ஒட்டாம தடுக்கற ஜெல் ஒண்ணு போடலாம். பாத்துட்டு முடிவு பண்றேன்.” பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்தார். “வெளிய வந்ததை வெச்சிருக்கீங்களா?”

“எதைங்க?”

“பலூனை. முழுசா வந்துச்சா, கிழிஞ்சு ஒரு துண்டு உள்ளயே தங்கிருச்சான்னு பாக்கணும். துண்டு உள்ள இருந்தா வேற கதை.”

இளையவளின் கை தானாகப் பையிலிருந்த கத்தரியைத் தொட்டது. “குப்பைல போட்டுட்டேன். காகிதத்துல சுத்தி, பாத்ரூம் கூடையில.”

“குப்பை போயிடுச்சா?”

“எங்க வீட்ல குப்பை எடுக்கறது அவருங்க.”

அக்கா தங்கையின் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இனி எந்த வாயால் சொல்வது என்ற கேள்விக்கே இடமில்லை என்று அதற்குப் பொருள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது கார் வாசலில் நின்றது. கூரையில் ‘பயிற்சி’ என்று சிவப்பு எழுத்துப் பலகை. கணவன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் மேல் கால் வைத்தபடி, ‘பரவால்ல, பரவால்ல, மறுபடி பண்ணுங்க’ என்று சொல்கிறவன். இடித்தவனிடமும் கோபப்பட மாட்டான். அதனால் வீட்டில் அவன் குரலை உயர்த்தினதே இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். அது மூன்று நாள் ஓடும்.

இன்றைக்கும் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டியா? இன்னைக்கு ஒரு அம்மா ரிவர்ஸ்ல போய் போலீஸ்காரர் பைக்குக்கு முத்தம் கொடுத்துட்டாங்க. நான் பிரேக் அடிக்கறதுக்குள்ள. அந்தப் போலீஸ்காரரு—”

“ஏங்க.”

“அந்தப் போலீஸ்காரரு என்னைப் பாத்து, ‘உங்ககிட்டதான் சார் என் பொண்ணும் கத்துக்கறா’ங்கறாரு!”

“ஏங்க, முந்தாநாள் பாத்ரூம் குப்பையக் கொண்டு போய்க் கொட்டிட்டீங்களா?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பாட்டும் நின்றது. அவன் துணியை நாலாக மடித்தான். அதை எட்டாகவும் மடித்தான். பிறகு காரின் முன்கதவைத் திறந்து, உரிமங்கள் வைக்கும் பெட்டிக்குள் கையை விட்டு, பழைய டிபன் டப்பா ஒன்றை எடுத்து வந்தான்.

“இதைத் தேடறியா?”

அவள் திறந்து பார்த்தாள். பிழையாக அச்சான ஆய்வேட்டுத் தாள், அவள் கூடத்துக் கழிவுத் தாள், அதன் நடுவே சுருங்கிப் போன பலூன். குழாய் நுனியில் மெழுகு நூல் முடிச்சு அப்படியே இருந்தது. கீழே நேராக, பிசிறில்லாமல் வெட்டிய வெட்டு.

முடிச்சு அவிழவில்லை. தண்ணீர்தான் முடிச்சுக்கு உள்ளேயே வழி கண்டுபிடித்துப் போயிருந்தது. இந்த நேரத்திலும் அது அவள் கண்ணில் பட்டது.

“எங்க கிடைச்சுது?”

“கூடையக் கொட்டும்போது உருண்டு விழுந்துச்சு. உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? என் சட்டைப் பொத்தான்ல பூரா அதுதானே இருக்கு.”

“முந்தாநாளே தெரியுமா உங்களுக்கு?”

“ம்.”

“முந்தாநாளே தெரிஞ்சும் எதுவும் கேக்கல?”

“நீதான் சொல்லுவன்னு இருந்தேன்.”

“என்னன்னு சொல்லுவேன்னு?”

அவன் கார் பானட்டின் மேல் சாய்ந்துகொண்டான். எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். “போதும்னு சொல்லுவன்னு. நீயா முடிவு பண்ணி நறுக்கிட்டன்னு நினைச்சேன். இவ்வளவு நேரா வெட்டியிருக்க. தெரியாம வெட்டினது இப்படியா இருக்கும்? ஒருத்தி முடிவோட வெட்டினாத்தான் இப்படி இருக்கும்.”

“நான் எதை வெட்டினாலும் அப்படித்தாங்க இருக்கும்!”

“இப்பத்தானே தெரியுது.”

“அப்ப ரெண்டு நாளாப் பாடினது?”

அவன் வைப்பரைத் தூக்கி மறுபடி இறக்கினான்.

“டீ போட்டது? பாத்திரம் கழுவினது? நான் ஏழு நாள் முடியுதேன்னு நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு, இந்த மனுஷனை ஏமாத்தறமேன்னு ரெண்டு நாளா உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கேன். நீங்க எதுக்குச் சந்தோஷப்பட்டிருக்கீங்க! முடிஞ்சுதுன்னு. சனியன் விட்டுதுன்னு.”

“அப்படிச் சொல்லாத.”

“வேற எப்படிச் சொல்றது?”

“நிம்மதியா இருந்துச்சு. சந்தோஷம் இல்ல. நிம்மதி.”

“ரெண்டுக்கும் என்னங்க பெரிய—”

“இருக்கு.” இதுவரை இல்லாத ஒரு குரலில் சொன்னான். “போன வருஷம் முக்கால் மணி நேரம்னு சொல்லி உன்னை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு. நடுவுல ஒரு ஆள் ரத்தப் பையோட ஓடறான். யாருக்குன்னு கேட்டா நின்னு சொல்ல மாட்டேங்கறான். உனக்கு இல்ல, பக்கத்து அறைக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா அந்த இருபது நிமிஷம் நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும். இந்த டாக்டரம்மா மொத நாள் என்ன சொன்னாங்க? குழந்தை தங்கினாலும், இப்படிப்பட்ட கருப்பையில நஞ்சுக்கொடி ஆழமா வேர் விட்டுக்கலாம், பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போகலாம், கவனமாப் பாக்கணும்னு சொன்னாங்க. நீ ‘குழந்தை தங்கினாலும்’ங்கற வரைக்கும் கேட்ட. மிச்சத்தை நான்தான் கேட்டேன்.”

“நானும் கேட்டேன்.”

“கேட்டுட்டுமா?”

“கேட்டுட்டுத்தான்.”

அவன் துணியை மறுபடி பிரித்தான். மடிக்கத் தோன்றாமல் தோளில் போட்டுக்கொண்டான்.

“நீங்க அன்னைக்கே கேட்டிருந்தா, அன்னைக்கே நான் டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். உள்ள ரெண்டு நாள் சும்மா கிடந்திருக்காது.”

“நீ அன்னைக்கே சொல்லியிருந்தாலும் கிடந்திருக்காது.”

“நான் பயத்துல சொல்லல. நீங்க ஏன் கேக்கல?”

“கேட்டா நீ மறுபடி போய் வெச்சுக்குவ. அதான் கேக்கல.”

இவ்வளவு நேராக அவன் சொல்லுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். பேசாமல் இருந்திருந்தால் அதுவும் பழகியதுதான். டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. தட்டி உட்கார வைத்தாள்.

“நாளைக்கு எட்டு மணிக்கு உள்ள பாக்கறாங்க. ஒட்டியிருந்தா விலக்கி விடுவாங்க. கூட ஒரு ஆள் இருக்கணுமாம். அக்கா தியேட்டர்ல இருப்பா. வெளிய ஆள் வேணும்.”

“நான் வராம?”

“வரணும்னு கட்டாயம் இல்ல.”

“ஏழரைக்கு வண்டியை எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவன் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனான்.

காலையில் தெருவில் அவ்வளவாகப் போக்குவரத்து இல்லை. அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். அவள் பயிற்சியாளர் இருக்கையில், அவன் நாள் முழுக்க உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது. மடியில் டப்பா. வெறும் வயிறு ஒரு முறை சத்தம் போட்டது. இருவருக்கும் கேட்டது. வேறு நாளாக இருந்தால் அவன் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

“மாத்திரை?”

“ஒரு வாய்த் தண்ணியோட போட்டுக்கச் சொன்னாங்க. போட்டுட்டேன்.”

“முழுசா இருந்துச்சா அது? நான் பாத்த வரைக்கும் கிழிசல் இல்ல.”

“நானும் பாத்தேன். இல்ல. ஆனா டாக்டர் பாக்கணும்.”

ஒரு சிக்னலில் நின்றார்கள். பக்கத்தில் வந்து நின்ற பள்ளிக்கூட வேன்காரர் ‘பயிற்சி’ பலகையைப் பார்த்துவிட்டு, இவளைப் பார்த்து, “பயப்படாதம்மா, வாத்தியார் நல்லவருதான், பழகிடும்” என்றார். ஓட்டுகிறவன் யார் என்றே அவர் பார்க்கவில்லை. கணவன் வாய்க்கோடியில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்துவிட்டால் நேற்றுப் பேசியதெல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஆகிவிடும். சரியாகவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளை விடாமல் குடைந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக அவளுக்குள்ளே கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த இரண்டு நாளும் அவர்கள் வீட்டில் மூன்று வருடத்தில் இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தது. அவன் டீயில் சர்க்கரை சரியாகப் போட்டான். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை அவனே எடுத்துப் போட்டான். அவள் அதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். எதற்காகக் கிடைக்கிறது என்று தெரியாமலே வாங்கிக்கொண்டாள். அவன் பாடியது ஆறு வரிகூட முழுசாகத் தெரியாத பழைய பாட்டு, நடுவில் தெரியாத இடத்திலெல்லாம் ‘லா லா’ போட்டு நிரப்பினான். கல்யாணம் ஆன புதிதில்தான் அப்படிப் பாடுவான்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா நின்றிருந்தாள். பச்சை உடை, தலையில் தொப்பி, கையில் ஏதோ காகிதம். காரைப் பார்த்ததும் ‘வா வா’ என்று கையை ஆட்டினாள். பிறகு கணவனைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

“மாப்பிள்ளை, அங்க நிறுத்தக் கூடாது, ஆம்புலன்ஸ் வர்ற இடம்” என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டாள். “கொஞ்சம் பின்னாடி! இன்னும்! ஊருக்கே சொல்லிக் கொடுக்கற ஆளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கு!”

அவன் பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நேராக நிறுத்தினான். கை பிரேக்கை இழுத்தான். எஞ்சினை அணைத்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

“முக்கால் மணி நேரம் கூட ஆகாதாம்” என்றாள் அவள்.

“போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க.”

“இது பாக்கறது மட்டும்தான்.”

“தெரியும். நான் அந்தக் கதவுக்கு நேரா இருக்கற பெஞ்சுலயே இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்.”

அவள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். அக்கா வாசலில் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். இளையவள் கதவைத் திறக்கவில்லை. காலடியில் இருந்த பிரேக்கில் அவளுக்குத் தெரியாமலே கால் அழுந்தியிருந்தது. அதை மெல்ல எடுத்தாள்.

“ஒட்டிக்கிச்சுன்னு சொன்னா நீங்க என்னோட சேந்து அழுவீங்க, அது எனக்குத் தெரியும். ஒட்டவே இல்ல, நல்லா இருக்குன்னு டாக்டர் வந்து சொன்னா, இந்த ரெண்டு நாள் பாடினீங்களே, அந்தப் பாட்டு, அதை ஒரு தடவை பாடுவீங்களா?”